கடைக்கணக்கில் அடங்காத உடம்புக்கு ஒரு கில்ட் கோட்டு

1822 ஆகஸ்ட் 17 அன்று எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஸ்காட்லாந்துப் பிரமுகர்களுக்குக் காட்சி கொடுத்தார். சிவப்பு ராயல் ஸ்டூவர்ட் கட்டம் போட்ட கில்ட் (கொசுவம் வைத்து இடையில் சுற்றி முழங்கால்வரை விடும் ஆண்கள் உடுப்பு), அதற்கேற்ற மேலாடை, வாள், கைத்துப்பாக்கி, நகைநட்டு என்று தலைமுதல் கால்வரை மலைநாட்டுக் கோலம். ஏற்பாடெல்லாம் எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட்டுடையது. உடுப்புக்கும் அணிகளுக்குமாகச் சேர்த்து ஜார்ஜ் ஹன்டர் நிறுவனம் நீட்டிய பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். அத்தனை செலவுக்குப் பிறகும் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது இரண்டு விஷயங்களைத்தான். கில்ட் முழங்காலுக்கு மேலே குட்டையாக ஏறி நின்றது. வெறுங்கால் தெரியாமலிருக்க மன்னர் இளஞ்சிவப்பில் இறுக்கமான காலுறை போட்டிருந்தார்.

மன்னர் பருத்த மனிதர். 1824 வாக்கில் அவருக்குத் தைத்த இடுப்புக் கச்சையின் சுற்றளவு 50 அங்குலம். அதே வரவேற்புக்கு லண்டன் பிரமுகர் சர் வில்லியம் கர்ட்டிஸும் கில்ட் அணிந்து வந்தார். அவருக்கும் நல்ல பருமன். கேலிச்சித்திரக்காரர்கள் இருவரையும் விட்டுவைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து டேவிட் வில்கி வரைந்த மன்னரின் ஓவியத்தைப் பார்த்தால் கில்ட் நீண்டிருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது, இளஞ்சிவப்புக் காலுறையைக் காணவே காணோம். கத்தரிக்கோல் செய்ய வேண்டிய வேலையைத் தூரிகை செய்து கொடுத்திருக்கிறது.

இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பருமனானவர், மிக உயரமானவர், மிகக் குட்டையானவர் கில்ட் அணிந்து கோட்டு போட்டால் அது சரியாக அமையாமல் போவதும், பழி உடம்பின்மேல் விழுவதும் இன்னும் நடக்கின்றன. பழி உடம்புக்குரியது அல்ல. பெரும்பாலும் அளவெடுக்கத் தொடங்கிய இடம்தான் தவறாக இருக்கும்.

ஸ்காட்லாந்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, அவர் அப்பா, மாமனார், தோழர்கள் என்று ஆண்கள் வரிசையாகக் கில்ட்டில் நிற்பது வழக்கம். பலர் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். கடையில் கோட்டுகள் மார்புச் சுற்றளவுப்படி அங்குலக் கணக்கில் ஏறிக்கொண்டே தொங்கும். ஷார்ட், ரெகுலர், லாங் என நீளத்திலும் பிரிவு உண்டு. 40 ரெகுலர் என்ற அளவுக்குப் பொருந்தும் மனிதருக்கு வேலை சீக்கிரமே முடிந்துவிடும். டாம் ஸ்டோல்ட்மன் மாதிரி ஆளை நினைத்துப் பாருங்கள். வட ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் ஊர்க்காரர். உலகின் மிக வலிமையான மனிதர் பட்டத்தை 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். உயரம் 6 அடி 8 அங்குலம். அந்த உருவத்துக்கு எந்தக் கடை வரிசையிலும் கோட்டு தொங்காது. அவர் அளவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. ஐந்தடி இரண்டு அங்குல மெலிந்த உடம்பு, மார்பைவிட வயிறு பெருத்த உடம்பு, தோள் அகன்று இடை சிறுத்த உடம்பு, ஒரு தோள் இறங்கிய உடம்பு எல்லாமே அந்த வரிசையில் திண்டாடும். இடுப்பு மார்பைவிட ஏறக்குறைய ஆறு அங்குலம் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு கிளம்புகிறது ரெடிமேட் கணக்கு. அந்த ஆறு அங்குலம் ஒத்துவராத ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சாதாரண சூட் கோட்டில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். கோட்டு புட்டம்வரை இறங்குவதால் இடுப்பில் நடக்கும் குளறுபடி வெளியே தெரியாது. கில்ட் கோட்டுக்கு அந்த வசதி கிடையாது. காரணம் கில்ட் நிற்கும் இடம். பேன்ட்டைப் போல அது இடுப்பெலும்பில் தொங்குவதில்லை. நம்மூர்ப் பெரியவர்கள் தொப்புளை ஒட்டி வேட்டியை உயர்த்திக் கட்டுவது போல, இடை ஒடுங்கும் இடத்தில் வார் போட்டு இறுக்கி நிற்கிறது. வாருக்கு மேலும் ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்குத் துணி ஏறியிருக்கும். ஆகவே அதற்கு மேல் போடும் கோட்டு குட்டையாக இருந்தாக வேண்டும். முன்னால் ஸ்பாரன் என்ற தோல்பை தொங்குவதால் கோட்டின் முன் நுனிகளையும் வளைத்து வெட்டுவார்கள். முதல் உலகப்போருக்குப் போன ஹைலேண்ட் படைப்பிரிவுகளின் காக்கிக் கோட்டிலும் முன்பக்கம் இப்படித்தான் வளைந்திருக்கும். ஓர் அங்குலம் கூடினால் கோட்டு ஸ்பாரன்மேல் உட்கார்ந்து பின்பக்கக் கொசுவத்தை மூடும். ஓர் அங்குலம் குறைந்தால் வெயிஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை பட்டையாக எட்டிப் பார்க்கும். கல்யாண ஆல்பத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளைப் பட்டைதான்.

கில்ட் கோட்டில் அதிகம் புழங்குபவை இரண்டு வகை. மாலை விருந்துகளுக்குப் பிரின்ஸ் சார்லி: முன்னால் குட்டை, பின்னால் சிறு வால், தோளில் பின்னல் வேலை, மூன்று பித்தான் வெயிஸ்ட்கோட்டு. முன்பக்கம் பூட்டுவதற்கென்று வெட்டப்பட்டதே அல்ல, திறந்தே கிடக்கும். பகலுக்கும் மாலைக்கும் பொதுவாக ஆர்கைல்: குட்டையான கோட்டு, பையில் மூடி, மணிக்கட்டில் அகன்ற பட்டை. இதையே ட்வீட் துணியில் தைத்துப் பகலில் போடுவார்கள். மணிக்கட்டு வேலைப்பாடு இல்லாத எளிய கைகொண்டதைக் கிரெய்ல் என்பார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதில் உடம்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கடைகளில் பெரும்பாலும் விழாவை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தொந்தி உள்ளவரின் பாடு இதில் தனி. ஆண்டுக்கணக்காகப் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே போட்டுப் பழகியவர், கடையில் கேட்டதும் பேன்ட் அளவைச் சொல்லிவிடுகிறார். 40 என்று சொன்னவருக்குத் தொப்புளைச் சுற்றி டேப் வைத்தால் 46 வரக்கூடும். 40க்குத் தைத்த கில்ட் மேலே ஏறாது. அதுவும் வயிற்றுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது கீழ் ஓரம் முழங்காலைத் தாண்டி இறங்கும், மேலே கோட்டுக்கும் கில்ட்டுக்கும் இடையில் நாலு விரல் அகலம் சட்டை தெரியும். உடனே எல்லோரும் கோட்டு குட்டை என்பார்கள். கோட்டில் கோளாறே இல்லை, கில்ட் தன் இடத்தில் இல்லை. வயிற்றின்மேல் ஏற்றிக் கட்டினால் வேறொரு விஷயம் வருகிறது: வயிற்று வளைவைத் தாண்டி வருவதில் முன்பக்கத் துணி செலவாகி, முன் ஓரம் பின் ஓரத்தைவிட மேலேறும். நல்ல கில்ட் தையற்காரர் இப்படிப்பட்டவருக்கு முன் நீளத்தையும் பின் நீளத்தையும் தனித்தனியாக எடுப்பார். கோட்டிலும் அதே கணக்குத்தான். முன்பக்கம் கொஞ்சம் நீளமாக வெட்டினால்தான் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது கீழ்க்கோடு நேராகத் தெரியும்.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. வயிற்றுக்குப் பூட்ட வேண்டும் என்பதற்காக மார்பு 46 உள்ளவருக்கு 52 கோட்டைப் போட்டுவிடுவார்கள். பித்தான் பூட்டும், உண்மைதான். தோள் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கும், கை விரலை மூடும், கழுத்துக்குப் பின்னால் காலர் எழும்பி நிற்கும். பருமனான மனிதரை இன்னும் பருமனாகக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. பிரின்ஸ் சார்லி இங்கே உண்மையிலேயே கைகொடுக்கிறது. அது பூட்டத் தேவையில்லாத கோட்டு என்பதால் தோளுக்கும் மார்புக்கும் எடுத்தால் போதும். வயிற்றைச் சுற்றி வர வேண்டியது வெயிஸ்ட்கோட்டு மட்டும். அதை மட்டும் தனியாக அளந்து தைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் லைனிங் துணிதான் என்பதால் முன்பக்கத்துக்கு மட்டுமே நல்ல துணி வேண்டும். கறுப்புப் பாரத்தியா துணியில் நிறம் பொருத்துவதும் பெரிய சிரமமில்லை. மூன்று பித்தானுக்குப் பதிலாக ஐந்து பித்தான் வைத்த வெயிஸ்ட்கோட்டைக் கேட்டால், கழுத்துத் திறப்பு மேலேறி வயிற்றின்மேல் சட்டை பிதுங்குவது குறையும். முழுக் கோட்டையும் புதிதாகத் தைப்பதைவிட இதில் செலவு எவ்வளவோ குறைவு.

உயரமானவருக்குச் சிக்கல் வேறு. கை நீளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். உண்மையான தலைவலி அக்குளிலிருந்து தொப்புள்வரை உள்ள நீளத்தில் இருக்கிறது. ஆறரை அடி உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். கால் நீண்டவருக்குச் சாதாரண லாங் கோட்டே போதுமானதாக இருக்கலாம். உடம்பு நீண்டவருக்கு லாங் கோட்டும் எட்டாது. கடையில் இருவரையும் "உயரம் ஆறரை அடி" என்று ஒரே வரியில் எழுதிக்கொள்கிறார்கள்! உடம்பு நீண்டவர் கோட்டையே நீட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. கில்ட்டைத் தைக்கும்போது வாருக்கு மேலே உள்ள துணியை இரண்டு அங்குலத்துக்குப் பதிலாக மூன்றாக வைக்கச் சொன்னால் இடைவெளி கீழிருந்து அடைபடும். படைவீரர்களின் கில்ட்டுகள் பழைய நாளிலிருந்தே இப்படி உயர்ந்து நிற்பவைதான். பகல் உடுப்பில் வெயிஸ்ட்கோட்டை விட்டுவிட்டு அகலமான கில்ட் பெல்ட் போடுவதும் ஒரு வழி. அந்தப் பெல்ட்டே கண்ணுக்குக் கோடாக நின்றுவிடும்.

இப்படிப்பட்ட உருவங்கள் ஸ்காட்லாந்துக்குப் புதியவை அல்ல. சதர்லாந்தில் லெயர்க் ஊரில் பிறந்த சாமுவேல் மெக்டொனால்டு, 'பெரிய சாம்', 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையில் இருந்தவர். உயரம் 6 அடி 10 அங்குலம். இவ்வளவு பெரிய உடம்புக்குச் சாதாரணப் படிக்காசு எப்படிப் போதும் என்று சதர்லாந்துச் சீமாட்டி தினம் இரண்டரை ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்தார். எடின்பரோ ஓவியர் ஜான் கே அவரைச் செப்புத்தகட்டில் வரைந்து வைத்திருக்கிறார். ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெர்னரேயில் 1825இல் பிறந்து கனடாவின் கேப் பிரெட்டனில் வளர்ந்த ஆங்கஸ் மெக்கஸ்கில் 7 அடி 9 அங்குலம். அவருடைய மார்புச் சுற்றளவு 80 அங்குலம் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. இந்த உடம்புகளுக்கெல்லாம் யாரோ ஒரு தையற்காரர் அளந்து துணி வெட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லோருக்குமே அப்படித்தான் என்பதால் பெரியவருக்குத் தனி விதி என்று ஒன்று இல்லை. தொந்தி உடம்பு, கூன் விழுந்த உடம்பு, நெஞ்சு நிமிர்ந்த உடம்பு ஒவ்வொன்றுக்கும் துணியை எப்படி வெட்டுவது என்று பழைய ஆங்கிலத் தையற்கலைப் புத்தகங்களில் வரைபடத்தோடு பாடம் உண்டு. அந்த அறிவு இன்னும் அழியவில்லை. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் அளவெடுத்துத் தைக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போவது பணக்காரர் வேலை என்ற தயக்கத்தில்தான் பலர் பொருந்தாத வாடகைக் கோட்டோடு போய்விடுகிறார்கள்.

ரெடிமேட் வாங்கியே தீர வேண்டும் என்றால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். தோளை விட்டுக்கொடுக்கவே கூடாது. தோளைப் பிரித்து மாற்றுவது கோட்டையே மறுபடி தைப்பதற்குச் சமம். பக்கத் தையலைப் பிடிப்பது எளிது. உள்ளே துணி விட்டிருந்தால் கொஞ்சம் பிரித்துவிடுவதும் எளிது. மலைநாட்டு விளையாட்டுகளில் குண்டு எறிபவர், மரத்தூண் தூக்கி எறிபவர் போன்றவர்களுக்கு மார்புக்கும் இடுப்புக்கும் பன்னிரண்டு அங்குல வித்தியாசம்கூட வரும். அவர்கள் மார்புக்கு வாங்கி இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்வதுதான் சரியான வழி.

கை நீளம் மட்டும் ஏமாற்றும். சாதாரணக் கோட்டில் மணிக்கட்டுப் பக்கம் மடித்துத் தைத்துவிடலாம். கில்ட் கோட்டில் மணிக்கட்டில்தான் பட்டையும் பித்தான் வரிசையும் இருக்கின்றன. அங்கே மடித்தால் வேலைப்பாடு பாதியில் நிற்கும். அதனால் கையைத் தோளிலிருந்து பிரித்து, மேலே துணியை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். நேரமும் கூலியும் அதிகம். கையைக் குறைக்க வேண்டி வரும் என்று தெரிந்த குட்டையான மனிதர் வேலைப்பாடில்லாத கிரெய்ல் வகையை எடுப்பது புத்திசாலித்தனம். அவருக்கு அகன்ற மணிக்கட்டுப் பட்டையும் பெரிய பை மூடியும் உருவத்தை அமுக்கவும் செய்யும். மெலிந்த குட்டை உடம்புக்குச் சிறுவர் பிரிவிலேயே கோட்டு கிடைப்பதுண்டு. பிரிட்டனில் சிறுவர் உடைக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது என்பதால் விலையும் இறங்கும். ஆனால் தோள் குறுகலாக இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். உயரம் குறைந்தவருக்குக் கில்ட் எடுக்காது என்று சொல்பவர்கள் ஹாரி லாடரை மறந்துவிடுகிறார்கள். குட்டையான, கட்டுமஸ்தான அந்தப் பாடகர் கில்ட் அணிந்தே உலக மேடைகளை ஆண்டார். 1919இல் சர் பட்டமும் பெற்றார்.

கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டுக் கிளம்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கோட்டு நிற்பதற்கு மட்டும் தைத்தது அல்ல. விருந்து முடிந்ததும் கேய்லி நடனம் தொடங்கும். 'கே கார்டன்ஸ்' ஆட்டத்தில் ஆண் தன் வலக்கையை ஜோடியின் தோளுக்குப் பின்னால் உயர்த்திப் பிடிப்பார். 'ஸ்ட்ரிப் த வில்லோ' ஆட்டத்தில் வரிசை முழுக்கக் கைமாற்றிச் சுழல்வார்கள். அக்குள் தாழ்ந்து வெட்டப்பட்ட கோட்டில் கையை உயர்த்தினால் கோட்டு முழுவதும் கூடவே ஏறும். குட்டைக் கோட்டு ஏறினால் என்ன தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய அளவில் வாங்கும் ரெடிமேட் கோட்டுகளில் அக்குளும் சேர்ந்து தாழ்ந்துவிடுவதுதான் பருமனானவர்களின் பெரிய இடைஞ்சல். அவர்கள் நடனத்தைத் தவிர்ப்பதற்குப் பல நேரம் இதுவே காரணமாக இருந்துவிடுகிறது என்பது வருத்தமான விஷயம். ட்ரையல் பார்க்கும்போது கில்ட், வெயிஸ்ட்கோட்டு, ஸ்பாரன் எல்லாம் அணிந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி, பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். ஜீன்ஸோடு போய் ட்ரையல் பார்த்தால் அது ட்ரையலே அல்ல.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. வாடகைக் கடைகள் பழைய கோட்டுகளை அவ்வப்போது விற்றுக் கழிக்கும். அதில் யாருக்கும் பொருந்தாத பெரிய அளவும் சின்ன அளவும் கிடைத்தால், அவை அதிகம் உடுத்தப்படாமல் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது வழி, சாதாரண ட்வீட் கோட்டை வாங்கிக் கில்ட் கோட்டாக வெட்டிக்கொள்வது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் நல்ல ட்வீட் கோட்டு மலிவாகக் கிடைக்கும். சூட் கோட்டு வரிசையில் பெரிய அளவுகளும் தாராளம். கீழே சில அங்குலம் வெட்டி, முன் நுனிகளை வளைத்து, லைனிங்கை மறுபடி பிடித்துத் தைக்க வேண்டும். இதில் எல்லாம் பையின் இடத்தில் அடங்கியிருக்கிறது. கீழ்ப் பையின் மூடி புதிய ஓரத்துக்கு மேலே நிற்க வேண்டும், பையின் உள்துணியும் வெட்டுக்குள் மாட்டக் கூடாது. ஆகவே பை உயரமாக வைத்த கோட்டைத் தேட வேண்டும். கீழ்ப் பித்தானும் கவனிக்க வேண்டியது. அது இடைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் வளைவு அழகாக விழாது.

துணியும் இதில் பேசும். ஹாரிஸ் ட்வீட் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்பவரின் வீட்டிலேயே கையால் நெய்யப்பட வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கரடுமுரடான கம்பளி. தையலைப் பிரித்து விட்டாலும் பழைய ஊசித் தடம் நூலுக்குள் மறைந்துவிடும். எடை ஏறி இறங்கும் உடம்புக்கு ட்வீட் கோட்டு பல வருடம் கூடவே வரும். புதிதாகத் தைக்கக் கொடுப்பவர் பக்கத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விடச் சொல்லலாம்; மீந்த துண்டுத் துணியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெயிஸ்ட்கோட்டுக்குப் பின்னாளில் ஒட்டுப் போட அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது. கறுப்புப் பாரத்தியாவில் பிரித்த தையல் கோடாகத் தெரியும். வெல்வெட்டில் இன்னும் மோசம். அந்தத் துணிகளில் அளவு சரிபார்க்கும் வேலையை, கடைசித் தையல் விழும் முன் ட்ரையலிலேயே முடித்துவிட வேண்டும்.